மரியாளக்காவுக்கு எழுதிக் கொடுத்தவர்

"எங்க மலைக்கு ஊசி போட வந்தவன் சட்டைக்குள்ள துப்பாக்கி வச்சிருந்தான்க்கா" என்றது காதுக்குள் இருந்த குரல்.

ஜெசிந்தா கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு, "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன? வீடு வீடா நொழஞ்சி எவன் எவன் இருக்கான்னு பாத்துட்டுப் போனான். மறுநா பட்டாளம் வந்துட்டு. எங்க சித்தப்பாவைக் கூட்டிட்டுப் போனது போனதுதான்."

"அப்புறம்?"

"நீங்க என்னக்கா, எதச் சொன்னாலும் அப்புறம் அப்புறம்ங்கிய?"

"சொல்ல வந்ததுல பாதி இன்னும் உங்க வாய்க்குள்ளதான கெடக்கு. அதான் கேக்கேன்."

எதிர்முனையில் ஆடுகள் கத்தின. அந்த மனிதர் தொண்டையைச் செருமினார். "எம் பொண்டாட்டி போட்டுக்கிடணும்னுதான் சொல்லுதா. போட்டுக்கிட்டா, காட்டிக்கொடுத்தவன் இவன்தான்னு ஊரு என்னையச் சொல்லும்."

"அந்தா வந்துட்டுல்லா" என்றாள் ஜெசிந்தா. "நாளைக்குப் பேசுவோம், அண்ணாச்சி. ஆட்டைப் பாருங்க."

அந்த அண்ணாச்சி தூத்துக்குடியை வரைபடத்தில்கூடப் பார்த்திராதவர். எங்கோ ஒரு பாறை நாட்டில் ஆடு மேய்ப்பவர். அவர் பேசியது அவர் மொழி. அதைத் தூத்துக்குடித் தமிழாக்கி ஜெசிந்தாவின் காதில் ஊற்றியது கேட்பகத்தின் இயந்திரம். அவள் பேசினால் அது அவருடைய தெருப் பேச்சாகவே அவருக்குப் போய்ச் சேரும். மொழிபெயர்ப்பு இயந்திரங்கள் பழைய சமாச்சாரம், இது ஊர்பெயர்ப்பு. கேட்பவள் எந்த ஊர்க்காரியோ அந்த ஊர்க்காரராகவே உலகத்தையெல்லாம் மாற்றிக் கொடுக்கும். முன்பின் தெரியாதவரிடம் யார் மனசைத் திறப்பார்கள்? சொந்தத் தெருக்காரி கேட்டால் சொல்லுவார்கள்.

நீலக்காய்ச்சல் உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. உதடு முதலில் நீலமாகும், பிறகு நகம், பிறகு மூச்சு நிற்கும். தடுப்பூசி வந்துவிட்டது. போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை. வேண்டாம் என்பவர்களோடு பேசுவதற்கு நாட்டுக்கு நாடு கேட்பகங்களைத் திறந்தார்கள். தூத்துக்குடியில் அது துறைமுகச் சாலையில், ஒரு பழைய உப்புக் கம்பெனிக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. உள்ளே வேலைக்குச் சேர்ந்தால் முதலில் கற்றுக்கொடுப்பது ஒரே ஒரு பாடம்: முதல் தடவை பேசும்போது மறுத்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. 'அப்புறம்?' என்று மட்டும் கேட்க வேண்டும். முதலில் சொல்லும் காரணம் ஒருநாளும் காரணமாக இருக்காது.

"எக்கா, இன்னைக்கு எந்த நாட்டு மாப்பிள்ள?" என்று கேட்டுக்கொண்டே சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள் பல்கீஸ். காயல்பட்டினத்துக்காரி, கேட்பகத்தின் மேற்பார்வையாளர். ஜெசிந்தாவைவிட இருபது வயது இளையவள், வாய் மட்டும் நாற்பது வயது மூத்தது.

"ஆட்டுக்கார மாப்பிள்ள. ஒனக்கு?"

"எனக்கு ஒரு பெரிய பணக்கார நாட்டு டீச்சரம்மா. எங்க தேசத்துல அந்தச் சீக்கே கெடையாதே, எதுக்குப் போடணும்னு ஒரு மணி நேரம் பிரசங்கம். அப்புறம், அப்புறம்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். கடைசியில பாத்தா, சின்ன வயசுலேருந்தே ஊசியக் கண்டா மயக்கம் போட்டு விழுவாளாம். படிச்சவளாச்சே, வெளிய சொல்ல வெக்கம்."

"நேத்து ஒரு தீவுக்காரி சாமி குத்தமாயிரும்னா. தோண்டித் தோண்டிக் கேட்டா, சாமிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனா நர்சு நாலு பேர் முன்னால வச்சி, 'எத்தனதான் பெப்ப, குளிச்சியா இல்லியா'ன்னு ஏசுவாளாம்."

"நீங்களும் முப்பது வருசம் நர்சாத்தான இருந்திய? எத்தன பேர ஏசுனிய?"

"அத விடு. மீன எடு இங்க."

சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பல்கீஸின் முன்னால் இருந்த திரையில் ஒரு மஞ்சள் விளக்கு மினுங்கியது. அவள் கை பாத்திரத்திலேயே நின்றுவிட்டது.

"அக்கா" என்றாள் மெதுவாக. "உங்க வரி வந்திருக்கு."

ஜெசிந்தா எழுந்து கையைக் கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அது பாட்டுக்கு ஓடட்டும் என்று நின்றாள்.

அவளுக்கு ஒரே மகள், பபியோலா. வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது அவளுடைய கைப்பேசிக்கு ஒரு பெண்ணின் குரல் வந்தது. "நாந்தான் உங்க மரியாளக்கா பேசுதேன்" என்று தொடங்கும். லயன்ஸ்டவுன் தெருவில் மீன் வாங்க நிற்கிறவளின் பேச்சு மாதிரியே இருக்கும். அதில் ஒரு வரி: 'வயித்துல பிள்ள பொரண்டு படுத்தா அது சும்மா இல்ல மக்களே, எம்மா என்னையக் காப்பாத்துவியான்னு ஒன்னையக் கேக்கு.' அதைக் கேட்டுவிட்டு பபியோலா ஊசி வேண்டாமென்றாள். ஜெசிந்தா சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், கடைசியில் ஏசியும் பார்த்தாள். "நீ ஆஸ்பத்திரிக்காரி, அப்படித்தான் சொல்லுவ. மரியாளக்காவுக்கு என்ன லாபம்?" என்றாள் மகள். முப்பது வருசம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்ட கை, பெற்ற மகளின் தோளைத் தொட முடியாமல் நின்றது. பிள்ளையும் போயிற்று, அவளும் போய்விட்டாள்.

மரியாளக்கா என்று ஒருத்தி கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. அதே வரி எத்தனையோ நாடுகளில், எத்தனையோ அக்காக்களின் குரலில் சுற்றிக்கொண்டிருந்தது. கேட்பகத்தில் ஜெசிந்தா வேலைக்குச் சேர்ந்தது சேவை செய்யவா? அந்த வரியைச் சொல்லிக்கொண்டு எவர் வந்தாலும் தன்னிடம் விட வேண்டும் என்று முதல் நாளே பல்கீஸிடம் சொல்லிவைத்தாள். 'எதுக்குக்கா?' என்று பல்கீஸ் கேட்டதற்கு, 'எழுதுனவன் ஒருநா வருவாம்ளா' என்றாள்.

ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க, அண்ணாச்சி."

"எம் பேரு ஆந்த்ரேய். எம் மக லீதா மாசமா இருக்காக்கா. ஊசி வேண்டாம்ங்கா. கேட்டா, பிள்ள பொரண்டு படுத்தா காப்பாத்துவியான்னு கேக்குன்னு சொல்லுதா."

"அப்புறம்?"

"அது பொய்யின்னு நான் எவ்வளவோ சொல்லிட்டேன்."

"பொய்யின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்க்கா."

"அப்புறம்?"

எதிரில் உட்கார்ந்திருந்த பல்கீஸ் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள்.

"நாந்தான் எழுதுனேன்" என்றார் ஆந்த்ரேய்.

ஜெசிந்தாவின் பழகிய வாய் தானாகவே கேட்டது. "அப்புறம்?"

"ஒரு கம்பெனியில வேல பாத்தேன். யாருக்கு எழுதுதோம்னு சொல்ல மாட்டாவ. இந்த நாட்டுக்காரன் எதுக்குப் பயப்படுவான்னு சொல்லுவாவ; அதுக்குத் தக்கன எழுதிக் குடுக்கணும். பட்டாளத்துக்குப் பயப்படுத ஊருக்குப் பட்டாளக் கத. வெளிநாட்டு மருந்துக்காரன் பிள்ளைகள்ட்ட சோதன பண்ணுன ஊருக்கு அந்தக் கத. அவங்க பயம் எல்லாம் நெசம்க்கா, அதுல ஒண்ணும் நான் இட்டுக்கட்டல. அந்த நெசத்து மேல ஒரு பொய்ய ஏத்தி உக்கார வைக்கதுதான் என் வேல. எந்த ஊர்க்காரி மாதிரிப் பேசணும், என்ன பேரு வைக்கணும்னு மெஷினு பாத்துக்கிடும். கடலோரத்துக்கு ஒண்ணு கேட்டாவ. கர்ப்பிணிகளுக்கு. எனக்கு ஒண்ணும் ஓடல. எம் பொண்டாட்டி லீதாவச் சொமக்கும்போது சொன்னது ஞாபகம் வந்துச்சி. பிள்ள பொரண்டு படுத்தா, என்னையக் காப்பாத்துவியான்னு கேக்குன்னு சொல்லிச் சிரிப்பா. அத எடுத்துப் போட்டுட்டேன்."

"அவங்க இப்ப?"

"இல்லக்கா. லீதா சின்னப் பிள்ளையா இருக்கும்போதே போயிட்டா." அவர் அழத் தொடங்கினார். "எனக்கு அவ ஒருத்திதான். உங்களால பேசி மாத்த முடியாதவங்களே இல்லன்னு சொன்னாவ. எம் மகள்ட்ட பேசுங்கக்கா. நீங்க நல்லா இருப்பிய."

"நாளைக்கு அவளப் பேசச் சொல்லுங்க" என்றாள் ஜெசிந்தா.

காதுக்கருவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். வைத்த விதத்தைப் பார்த்தே பல்கீஸ் பயந்துவிட்டாள்.

"அக்கா, நான் வேற ஆள்கிட்ட மாத்தி விட்டுருதேன்."

"வேண்டாம்."

"என்ன செய்யப் போறிய?"

"என்னத்தச் செய்ய? கேக்கப் போறேன். அவ வேண்டாம்பா. 'ஒன் இஷ்டம் தாயி, ஒன் ஒடம்பு, ஒன் பிள்ள'ன்னு சொல்லப் போறேன். அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். மிச்சத்தக் காய்ச்சல் பாத்துக்கிடும்."

"அல்லாவே! அந்தப் பிள்ள என்ன பாவம் செஞ்சிச்சி?"

"பபி என்ன பாவம் செஞ்சா?" என்றாள் ஜெசிந்தா. "சொல்லுளா. நீல ஒதட்ட வச்சிக்கிட்டு மூச்சுக்கு அலஞ்சாளே, அத அவன் பாக்கணும். கட்டில் பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்து பாக்கணும். பெத்தவனுக்கு அது எப்படி இருக்கும்னு எழுதிக் குடுக்கச் சொல்லு பாப்போம்."

பல்கீஸ் அழைப்பை மாற்றி விடவில்லை. மறுநாள் காலையில் அழைப்பு வந்தபோது, கதவைச் சாத்திவிட்டுத் தானும் உள்ளேயே நின்றுகொண்டாள்.

"எம்மா" என்றது ஓர் இளம் குரல். "நான் லீதா பேசுதேன்."

பபியோலாவும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவளுடைய பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகிய இயந்திரம், அவளை இளம்பெண்கள் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படித்தான் கூப்பிட வைக்கும். அதற்கென்ன தெரியும்?

"சொல்லு தாயி."

"எங்கப்பா நேத்து அழுதாரா?"

"அழுதாரு."

"நல்லா அழுதாரா?"

இப்படி ஒருத்தியும் கேட்டதில்லை. ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நல்லாத்தான் அழுதாரு. அப்புறம்?"

"ஊசி போட்டா வயித்துப் பிள்ளைக்கு ஆகாதாம். அதான் வேண்டாம்ங்கேன்."

"அப்புறம்?"

"பிள்ள பொரண்டு படுத்தா..."

"அது தெரியும். அப்புறம்?"

"என்ன, நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டீங்களா? புத்திமதி, கித்திமதி?"

"கேக்கதுக்குத்தான் சம்பளம். அப்புறம்?"

அடுத்துப் பேசியபோது அந்தப் பெண்ணின் குரலில் இருந்த குறும்பு போயிருந்தது.

"எங்கம்மா கையால எழுதி எனக்கு ஒண்ணும் வச்சிட்டுப் போகல. எங்கம்மா சொன்னதா என்கிட்ட இருந்தது அந்த ஒரு வாக்கியந்தான். தூங்கப் பண்ணும்போது எங்கப்பாவே சொல்லுவாரு: நீ வயித்துல பொரண்டா ஒங்கம்மா இப்படிச் சொல்லுவான்னு. உலகத்துல எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச பேச்சு. போன வருசம் அது என் போன்ல வந்துச்சி, எவளோ ஒருத்தி கொரல்ல. எனக்குத் தெரியாதா, யாரு எழுதுனதுன்னு?"

ஜெசிந்தாவால் 'அப்புறம்' என்று கேட்க முடியவில்லை. கேட்காமலே லீதா சொன்னாள்.

"எனக்கு ஊசி மேல ஒரு பயமும் இல்லம்மா. அவரு பயப்படணும். ஊரூருக்குப் பயத்தப் பொட்டலம் கட்டி அனுப்புனவரு, ஒரு பொட்டலத்தத் தானும் பிரிச்சித் திங்கட்டும். நாந்தான் எழுதுனேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க. இன்னைக்கு வரைக்கும் சொல்லல. உங்ககிட்ட சொன்னாரா?"

ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே உப்பு லாரி ஒன்று திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. கையில் பாவம் ஒட்டாமல், இவள் ஒரு வார்த்தை பேசாமலே, அவனுடைய மகளே அவனைத் தண்டித்துக்கொண்டிருந்தாள். 'சரி தாயி' என்று வைத்துவிட்டால் முடிந்தது.

"எம்மா, இருக்கியளா?"

"காய்ச்சல் உங்க ஊருக்கு வந்துட்டா?"

"அடுத்த தெருவுல ரெண்டு வீடு."

"வயித்துல இருக்கதுக்கும் ஒங்கப்பா மேல கோவமா?"

"அதுக்கென்ன தெரியும்..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை.

"எம் மக பேரு பபியோலா" என்றாள் ஜெசிந்தா.

பல்கீஸ் கையை உயர்த்தி வேண்டாமென்று சைகை காட்டினாள். முதல் தடவை 'அப்புறம்' தவிர வேறெதுவும் பேசக்கூடாது. ஜெசிந்தா அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"ஒங்கம்மா வாக்கியத்தக் கேட்டுட்டுத்தான் எம் மகளும் ஊசி வேண்டாம்னா. ஒன்ன மாதிரிதான், வயித்துல பிள்ளையோட. எனக்கும் அவ ஒருத்திதான்."

லீதா கேட்டாள்: "என்னையச் சாக விடணும்னுதான் போனை எடுத்தியளா?"

"ஆமா" என்றாள் ஜெசிந்தா.

"இப்ப?"

"இப்பவும் அவன் மேல இருக்க கோவம் ஒரு மயிரளவு கொறையல. ஆனா நீ செய்யது புத்தி கெட்ட வேல. கேளு. பபி செத்த அன்னைக்கு ஊரே எனக்குக் காப்பி கொண்டாந்துச்சி. அதுக்கு முந்தி என்னோட பேச்சு வார்த்த இல்லாதவங்ககூட வந்து கையப் பிடிச்சிட்டு உக்காந்தாவ. நீ செத்தா அவனுக்கும் அதான் நடக்கும். பாவப்பட்ட தகப்பன் ஆயிருவான். பெத்த மகளையே பறிகொடுத்தவன்ட்ட எவன் போயி, ஏல நீ என்ன செஞ்சன்னு கேப்பான்? அவன் செஞ்சது அத்தனையையும் ஒங் குழியில போட்டு மூடி, மேல பூவும் வச்சிருவாவ. அந்த ஆறுதல அவனுக்குக் குடுக்காத. எனக்கு அது பொறுக்காது."

"பின்ன?"

"உயிரோட இரு. அது அவன் எழுதுனதுன்னு சொல்லதுக்கு ஒன்ன விட்டா சாட்சி கெடையாது. பிள்ளையப் பெத்து, தெம்பா எந்திரிச்சி, நாலு பேருக்கு முன்னால வந்து நின்னு சொல்லு."

"போட்டுக்கிட்டா அவரு நிம்மதியாத் தூங்குவாரேம்மா!" அந்தக் குரலில் உண்மையான வேதனை இருந்தது. "அதத்தான் என்னால தாங்க முடியல."

ஜெசிந்தா கொஞ்சம் யோசித்தாள்.

"நீ போட்டுக்கிட்டன்னு அவன்ட்ட யாரு சொல்லப் போறா?" என்றாள்.

அந்தப் பெண் சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். சிரிப்பை மட்டும் இயந்திரம் ஒன்றும் செய்யவில்லை. அது எங்கிருந்து வந்ததோ அப்படியே வந்தது.

அந்த வாரமே லீதா வேறு ஊரில் இருந்த தன் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே போட்டுக்கொண்டாள். அப்பாவிடம், ஊசியைப் பற்றிப் பேசினால் இனி போனையே எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆந்த்ரேய்க்கு வேறு வழி இல்லை. தினமும் காலையில் கேட்பகத்துக்குப் போன் செய்தார்.

"எக்கா, போட்டுக்கிட்டாளா?"

"எங்கிட்ட பேசுனவங்க சொன்னத வெளிய சொல்லக்கூடாது, அண்ணாச்சி. சட்டம் அப்படி."

"ஆமான்னோ இல்லன்னோ ஒரு வார்த்த."

"அந்த ஒரு வார்த்தையத்தான் சொல்லக்கூடாதுங்கேன்."

சட்டம் அப்படித்தான் இருந்தது. அதைச் சொல்லும்போது ஜெசிந்தாவின் குரல் தேனாக இருக்கும். அவர் சொல்லுவதையெல்லாம் கடைசிவரை கேட்பாள். லீதா இருக்கும் ஊருக்கும் காய்ச்சல் வந்துவிட்டது என்பார். யாரோ இருமினால் நெஞ்சு அடைக்கிறது என்பார். கண்ணை மூடினால் நீல உதடு தெரிகிறது என்பார். ஒருநாள், தான் எழுதியதைக் கேட்டு எத்தனை பேர் இப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதார். அன்றைக்குப் பல்கீஸ் தாங்க மாட்டாமல் வந்து நின்றாள்.

"போதும்க்கா. எனக்கே பாவமா இருக்கு."

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு."

"பின்ன சொல்லிர வேண்டியதுதான?"

"பாவமா இருக்குன்னுதான சொன்னேன். போதும்னு நான் சொன்னனா?"

"உங்களப் பாருங்க. இப்பல்லாம் காலையில முதல் ஆளா வந்து உக்காந்திருக்கிய. அந்த ஆளு போன் வாரதுக்குக் கொஞ்சம் பிந்துனா எந்திரிச்சி நடக்கிய. இது நல்லதுக்கில்ல."

"பிள்ள பொறக்கட்டும்" என்றாள் ஜெசிந்தா. "அது வரைக்கும்தான். அதுக்குப் பிறகு நானே சொல்லிருதேன், போதுமா?"

மார்கழி மாதத்தில் ஒரு காலை. காற்று உப்பளத்துப் பக்கமிருந்து குளிர்ந்து அடித்துக்கொண்டிருந்தது. பல்கீஸ் ஓடி வந்தாள், தலையில் போட்ட துணி நழுவியதுகூடத் தெரியாமல்.

"எக்கா! லீதா செய்தி அனுப்பியிருக்கு. பெண் பிள்ள! ரெண்டு பேரும் நல்லா இருக்காவளாம். ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்தாச்சாம். இனிமே அப்பாட்ட சொல்லதும் சொல்லாததும் உங்க இஷ்டம்னு சொல்லியிருக்கு."

"நல்லா இருக்கட்டும்" என்று ஜெசிந்தா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்துப் பல்கீஸுக்கும் கலங்கிவிட்டது.

அப்போதுதான் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"அவருதான்க்கா. சொல்லிருங்க. பாவம், சந்தோசத்துல மயங்கி விழுந்துருவாரு."

ஜெசிந்தா கருவியைக் காதில் மாட்டினாள். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, காலை நீட்டி, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"வாங்க, அண்ணாச்சி" என்றாள். "ராத்திரி தூங்குனியளா?"